நின்ற நிலையில் கோளாறு ஏதும் இல்லை

மகராசிக்கு ஓடும்போது மட்டும்தான் மூச்சு அடைத்தது. நிற்கும்போது அடைக்கவில்லை. அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். நிற்கும்போது அடைத்துத் தொலைத்திருந்தால் பந்தயக் குதிரைகள் சுவாசநல வாரியம் அவளைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும். வாரியம் பிறந்து முப்பது வருஷமாகிறது; இந்த முப்பது வருஷமும் அது கண்ணும் கருத்துமாகப் பார்த்து வந்தது நிற்கிற குதிரைகளை மட்டுமே. ஓடுகிற குதிரைகளைப் பற்றி வாரியத்துக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

மகராசி ஐந்து வயதுப் பெண் குதிரை. காகிதத்தில் அவளுக்கு ஒரே மூச்சில் சொல்ல முடியாத நீளத்தில் வேறொரு பெயர் இருந்தது. லாயத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குட்டியாக வந்த நாளிலிருந்து அவளைக் குளிப்பாட்டி, தேய்த்துவிட்டு, குளம்பில் சிக்கிய கல்லை நோண்டி எடுத்து வளர்த்த லாயக்காரருக்கு அவள் மகள் மாதிரி. அசல் மகளும் ஒருத்தி இருந்தாள். அவள்தான் மகராசியின் மேல் ஏறிப் பந்தயத்தில் ஓட்டும் ஜாக்கி. ஆகவே பந்தயம் நடக்கும்போதெல்லாம் அவருடைய குடும்பம் மொத்தமும் ட்ராக்கில் இருக்கும். அவர் மட்டும் வேலிக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கோளாறு வெளியே வந்தது மூன்று வாரத்துக்கு முன்னால், காலைப் பயிற்சியில். அரைச் சுற்று வரைக்கும் ஒன்றுமில்லை. வேகம் பிடித்ததும் மகராசியின் தொண்டையிலிருந்து யாரோ வாய் கொப்பளிப்பது போல ஒரு சத்தம் கிளம்பியது. அடுத்த நாலு பாய்ச்சலில் கழுத்தை நெரித்ததுபோல வேகம் பொத்தென்று இறங்கி, நின்றேவிட்டாள். மனுஷனாக இருந்தால் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். குதிரைக்கு அந்த வசதி இல்லை, மூக்கு ஒன்றுதான் வழி. பின்னால் வந்த குதிரை இடித்த இடியில் மகள் மணலில் போய் விழுந்தாள். தோள் கன்றிப்போனதோடு போயிற்று. அன்றைக்கு மகராசிக்குப் பின்னால் வந்தது ஒரே ஒரு குதிரை. வருகிற சனிக்கிழமைப் பந்தயத்தில் ஓடப்போவது பதினாலு.

பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த குதிரையை விலக்க வேண்டுமென்றால் வாரியத்தின் சான்று வேண்டும். சான்று இல்லாமல் விலக்க முடியாது. குதிரையின் சொந்தக்காரர் எங்கோ வெளியூரில் இருந்தார். போன் செய்தபோது, "வாரியம் என்ன சொல்லுதோ அப்படியே செய்யுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"நீ பேசாம ஏறமாட்டேன்னு சொல்லிடேன் கண்ணு" என்றார் லாயக்காரர், திங்கட்கிழமை காலையில்.

"நான் இல்லேன்னா வேற ஒருத்தன ஏத்துவாங்கப்பா. அவனுக்கு இவ தொண்டைச் சத்தம் தெரியாது. எனக்காவது கேட்டவுடனே ஓரமா ஒதுங்கணும்னு தெரியும்."

"பதினாலு குதிரைக்கு நடுவுல ஒதுங்க இடம் இருக்குமா?"

மகள் மகராசியின் கழுத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். லாயக்காரர் வெள்ளைச் சட்டையாக ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டு குதிரையை வாரியத்துக்கு நடத்திக்கொண்டு போனார்.

வாரியக் கட்டடம் குதிரை வழுக்கி விழும் அளவுக்குப் பளபளப்பாக இருந்தது. மூன்றாம் எண் அறைதான் பரிசோதனை அறை. தரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டம் வரைந்திருந்தார்கள். நாலு மூலைக்கு நாலு குளம்பு. அந்தக் கட்டத்துக்குள் குதிரை அசையாமல் நின்றால்தான் பரிசோதனை தொடங்கும். சுவரில், 'அமைதி. குதிரையை அசைய விடாதீர்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், சுவரோடு சேர்த்து நாலு போல்ட் போட்டு இறுக்கியிருந்த ஒரு சிறிய கருவி. அதிலிருந்து நீளமாக ஒரு கறுப்புக் குழாய். குழாயின் முனையில் விளக்கும் காமிராவும்.

உதவி டாக்டர் ஓர் இளம்பெண். மகராசியின் மூக்குக்குள் குழாயைப் பதமாக நுழைத்தாள். திரையில் தொண்டை தெரிந்தது. இளஞ்சிவப்பாக, ஈரமாக, பூட்டுப் போடாத கதவு மாதிரி அமைதியாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. வாரியத்தின் தலைமை ஆய்வாளர் நாற்காலியை விட்டு எழாமலே எட்டிப் பார்த்தார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"பிரமாதமான தொண்டை. எழுதிக்கய்யா. நின்ற நிலையில் கோளாறு ஏதும் இல்லை. ஓடலாம்."

எழுத்தர் எழுதிக்கொண்டார்.

"ஐயா, ஓடும்போதுதாங்க அடைக்குது" என்றார் லாயக்காரர்.

"அது எப்படிய்யா? தொண்டை ஒண்ணுதானே? நிக்கிறதுக்கு ஒரு தொண்டை, ஓடுறதுக்கு ஒரு தொண்டைன்னு வச்சிருக்கா உன் குதிரை?"

"ஓடவிட்டு ஒருதரம் பாத்தீங்கன்னா..."

தலைமை ஆய்வாளர் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "இதோ பாருப்பா. முப்பது வருஷத்துல இந்த வாரியம் பதினோராயிரம் குதிரைய இந்தக் கட்டத்துல நிக்க வச்சுப் பாத்திருக்கு. ஓடும்போது வியாதின்னு ஒண்ணுக்குக்கூட நாங்க எழுதினதில்ல. அப்படி ஒரு வியாதி இருந்தா எங்க கண்ணுல படாம போயிருக்குமா? சொல்லு."

லாயக்காரர் குதிரையை ஓட்டிக்கொண்டு வெளியே வந்தார். உதவி டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

"நீங்க சொல்றது சரிதாங்க. பழச்சாறு குடிக்கிற காகிதக் குழாய் இருக்குல்ல? மெதுவா உறிஞ்சினா ஒண்ணும் ஆகாது. வேகமா உறிஞ்சினா உள்ளுக்குள்ள ஒட்டிக்கும். அந்த மாதிரிதான். ஓடும்போது காத்த அவ்வளவு வேகமா இழுக்குது. மேலண்ணத்துச் சதை இடம் மாறி வழிய அடைச்சிடும். நின்னவுடனே பழைய இடத்துக்குப் போயிடும். ஓடும்போது பாத்தாத்தான் தெரியும்."

"அதுக்கு ஒரு மிஷின் வாங்கக் கூடாதாம்மா?"

"வாங்கியாச்சே. சுவத்துல இருக்கே, அதுதான்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அத குதிரை தலையில கட்டி, கடிவாளத்தோட சேத்து மாட்டி ஓட விடணும். படம் தானா தூரத்துல இருக்கிற திரைக்கு வரும். பெட்டி மேல ஓடுற குதிரை படமே போட்டிருக்காங்க. ஐயா அத அலங்காரம்னு நெனச்சுட்டாரு. நகர்ற பொருள் காணாமப் போகும், போல்ட் போட்ட பொருள் போகாதுன்னு வந்த அன்னைக்கே சுவத்துல அடிச்சு வச்சுட்டாரு. அது விதி பதினொண்ணு."

லாயக்காரர் திரும்பி, திறந்திருந்த கதவு வழியே அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். ஓடுவதற்கென்றே செய்த பொருள் சிலுவையில் அறைந்ததுபோலச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏனோ மகராசியைவிட அதைப் பார்க்கத்தான் அவருக்குப் பாவமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் மகராசியையும் கூட்டிக்கொண்டு எழுத்தரிடம் போய் நின்றார். குதிரையிடமிருந்து சத்தம் வந்தால் அதற்குத் தனிப் படிவம் உண்டு என்று எழுத்தர் சொல்லியிருந்தார். படிவத்தின் கடைசியில், 'சத்தத்தை இணைக்கவும்' என்று இருந்தது.

"சத்தத்த எப்படிங்க இணைக்கிறது?"

"அது எனக்கும் தெரியாதுங்க. இதுவரைக்கும் யாரும் இணைச்சதில்ல."

நல்லவேளையாக மகள் பயிற்சியின்போது போனில் ஒரு தரம் பதிவு செய்திருந்தாள். அந்தப் போனோடு லாயக்காரரை உள்ளே தலைமை ஆய்வாளரிடம் கூட்டிக்கொண்டு போய், பதிவை ஓடவிடச் சொன்னார் எழுத்தர். காற்றின் இரைச்சல், குளம்புச் சத்தம், நடுவே அந்தக் கொப்பளிப்பு, மகள் பதறிப்போய், "ஓ... ஓ... நில்லும்மா" என்று அடக்கும் குரல். தலைமை ஆய்வாளர் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்பதுபோல முழுவதும் கேட்டார்.

"இதுல குதிரை எங்க தெரியுது?"

"சத்தம்தானுங்க, தெரியாது."

"அப்ப இது குதிரை போட்ட சத்தம்னு நான் எப்படி எழுதுறது? நாளைக்கு ஒருத்தன் குழாயடியில வாய் கொப்பளிச்சுப் பதிவு பண்ணிட்டு வருவான். சரி, சத்தம் எப்படி இருக்கும், நீயே போட்டுக் காட்டு."

லாயக்காரர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் மேஜையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் லாயக்காரர் கழுத்தை முன்னால் நீட்டி, கண்ணை உருட்டி, தொண்டையிலிருந்து கொர்ர்ர் என்று எழுப்பினார். ஐந்து வருஷம் கூடவே இருந்தவர் இல்லையா, அச்சு அசலாக வந்தது. வராந்தாவில் கட்டியிருந்த மகராசி காதை நிமிர்த்தித் திரும்பிப் பார்த்தாள். தலைமை ஆய்வாளர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுச் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார்.

"புகார்தாரர் சத்தம் எழுப்புகிறார். குதிரை அமைதியாக இருக்கிறது. புகார்தாரரின் பழக்கம் குதிரைக்குத் தொற்றாமல் இருக்க, அவர் அதனிடமிருந்து ஆறடி தள்ளி நிற்க அறிவுறுத்தப்படுகிறது."

இந்த அறிவுரையின் நகலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் பக்கத்து அறைக் கதவு திறந்திருந்ததை லாயக்காரர் பார்த்தார். உள்ளே குதிரைகள் ஓடுவதற்கான பெரிய ஓடுபட்டை ஒன்று இருந்தது. பட்டை தானாகச் சுற்றும். குதிரை இருந்த இடத்திலேயே ஓடும். அடியில் சக்கரம்கூட இருந்தது. பக்கக் கம்பியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. கீழே ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் ஷூ.

"இதுல மகராசிய ஏத்தினா ஓடும்போதே பாத்திடலாமே!" என்றார்.

"அதுல குதிரை ஏறக் கூடாதுங்க" என்றார் எழுத்தர். "குளம்பு பட்டு ரப்பர் தேஞ்சிடும். ஐயாவுக்குச் சர்க்கரை இருக்கு. காலைல இதுல நடக்கிறாரு. வேற யாரும் ஏறிடக் கூடாதுன்னு விதி பன்னெண்டு போட்டிருக்காரு. வாரிய ஊழியர் மட்டும்தான் ஏறலாம்."

லாயக்காரர் அன்று சாப்பிடவில்லை. மகள் சாப்பிட்டாளா என்றும் கேட்கவில்லை. கேட்டால் அவள் சனிக்கிழமையைப் பற்றிப் பேசுவாள் என்று பயம்.

புதன்கிழமை உதவி டாக்டரே லாயத்துக்கு வந்துவிட்டாள். "நாளைக்கு எங்க வாரியத்துக்கு மேல இருக்கிற ஆணையர் வர்றாருங்க, மிஷினத் திறந்து வைக்க. வாங்கி எட்டு மாசம் ஆகுது, இன்னும் திறப்பு விழா நடக்கல. அவரு வேலை செய்யிறதப் பாக்கணும்னு சொல்லிட்டாராம். மிஷின் சுவத்த விட்டு வராது, அதனால ஓடுபட்டையத் தள்ளிக்கிட்டு மூணாம் நம்பர் அறைக்குக் கொண்டு வர்றாங்க. காட்டுறதுக்கு ஒரு குதிரை வேணும். நான் மகராசி பேரக் குடுத்திருக்கேன். ஆணையர் முன்னாடியே ஓட விட்டுடலாம்."

லாயக்காரருக்கு அவள் காலில் விழவேண்டும்போல இருந்தது. விழவில்லை. மகராசியை மூன்று தரம் குளிப்பாட்டினார்.

வியாழக்கிழமை மூன்றாம் எண் அறையில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். ஆணையர் வெள்ளை உடுப்பில் வந்தார், பூங்கொத்து வாங்கினார், உட்கார்ந்தார். தலைமை ஆய்வாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். அறையில் இருந்தது மொத்தம் பன்னிரண்டு பேர். ஒலிபெருக்கி இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல் அவருக்கு.

"ஆணையர் அவர்களே! இந்த வாரியத்தோட பெருமை என்னன்னா, முப்பது வருஷத்துல நாங்க ஒரு குதிரையக்கூட நோயாளின்னு சொல்லி மனசக் கஷ்டப்படுத்தினதில்ல. சில குதிரைகள் ட்ராக்குல விழுந்திருக்கு. உண்மைதான். ஆனா விழுந்த ஒவ்வொரு குதிரை கிட்டயும் எங்க சான்று இருந்துச்சு. சான்று இல்லாம ஒண்ணுகூட விழுந்ததில்ல. எங்க ஒழுங்குக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

எல்லாரும் கைதட்டினார்கள். உதவி டாக்டர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்தக் கைதட்டலில்தான் மகராசி மிரண்டாள். மிரண்ட குதிரை என்ன செய்யுமோ அதைச் செய்தாள். நேராகச் சிவப்புக் கம்பளத்தின் மேல், ஆணையரின் வெள்ளை ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி, சூடாக, தாராளமாகப் போட்டுவிட்டாள்.

"வெளிய ஓட்டு! வெளிய ஓட்டு!" என்று தலைமை ஆய்வாளர் கத்தினார். மகராசியைக் கொண்டுபோய் மரத்தடியில் கட்டச் சொன்னார்கள். லாயக்காரர் கட்டிவிட்டு, மனசு கேட்காமல் திரும்ப வந்து கதவோரம் நின்றார். நெஞ்சில் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் சாணத்தை அள்ளிய மண்வெட்டியோடு போய்க்கொண்டிருந்தது.

ஆணையர் கைக்குட்டையால் மூக்கை மூடியபடி, "அப்ப இத யார வச்சுக் காட்டப் போறீங்க?" என்றார்.

"இதோ, இந்த ஆளு நிக்கிறான்" என்று லாயக்காரரைக் காட்டினார் தலைமை ஆய்வாளர். "குதிரை மாதிரியே சத்தம் போடுவான்."

"விதி பன்னெண்டு, ஐயா" என்று மெல்லச் சொன்னார் எழுத்தர். "வாரிய ஊழியர் மட்டும்தான் பட்டையில ஏறலாம்."

"அப்ப நீ ஏறுய்யா."

"எனக்கு முட்டி அறுவை சிகிச்சை ஆயிருக்குங்க. சான்று இருக்கு."

உதவி டாக்டர் குழாயைப் பிடிக்க வேண்டும். மீதி எல்லாரும் விருந்தாளிகள். ஆணையர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைமை ஆய்வாளர் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, "தலைமைங்கிறது முன்னாடி நிக்கிறதுதான்" என்று சொல்லிக்கொண்டே பட்டைமேல் ஏறினார். குட்டிக் குதிரைகளுக்கென்று வைத்திருந்த மெல்லிய குழாயை உதவி டாக்டர் அவருடைய மூக்கில் நுழைத்தாள். கொஞ்சம் அழுத்தமாகவே நுழைத்தாள் என்று லாயக்காரருக்குப் பட்டது.

மிஷின் கிளம்பவில்லை. திரையில் ஆறு கட்டம் வந்து நின்றது.

"குதிரையோட பதிவு எண் கேக்குதுங்க" என்றார் எழுத்தர். "ஐயாவோட ஊழியர் எண் நாலு இலக்கம்தான். மிஷினுக்கு ஆறு வேணும்."

"ஏதாவது போடுய்யா!" என்றார் தலைமை ஆய்வாளர். மூக்கில் குழாய் இருந்ததால் அதற்கும் ஒரு மாதிரித்தான் சத்தம் வந்தது.

எழுத்தர் இல்லாத எண்ணைப் போடும் ஆள் கிடையாது. மேஜைமேல் அன்றைக்கு இருந்தது ஒரே ஒரு கோப்பு. அதைப் பார்த்து ஆறு இலக்கத்தைத் தட்டினார். தட்டிவிட்டு, வழக்கப்படி, கோப்புக்கு உரியவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த எண் சரிதானுங்களே?"

அந்த ஆறு இலக்கம் லாயத்துக் கதவில் லாயக்காரரே பெயின்ட் அடித்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் தலைமை ஆய்வாளரைப் பார்த்தார், ஜன்னல் வழியே மரத்தடியில் வாலை ஆட்டிக்கொண்டு நின்ற மகராசியைப் பார்த்தார்.

"அது மகராசி நம்பர்தாங்க. சரியாத்தான் இருக்கு."

பட்டை சுற்ற ஆரம்பித்தது. முதலில் நடை. பெரிய திரையில் தலைமை ஆய்வாளரின் தொண்டை சிவப்பாக, அமைதியாகத் திறந்து மூடியது. ஆணையர் முன்னால் சாய்ந்து பார்த்தார். "அற்புதம். வேகமா ஓடினா?" வேகம் கூட்டினார்கள். தலைமை ஆய்வாளர் ஓடினார். சும்மா ஓடியிருந்தால்கூடப் போயிருக்கும். ஆனால் ஆணையர் பார்க்கிறார் அல்லவா, அவரால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"நம்ம வாரியம்... எந்தச் சூழ்நிலையிலும்... மூச்சு விடாம... உழைக்கிற..."

அந்த இடத்தில் திரையில் மேலண்ணத்துச் சதை தொளதொளவென்று ஆடி, எழும்பி, காற்றுவழியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தது. கொர்ர்ர் என்று ஒரு சத்தம். வெளியே மகராசி காதை நிமிர்த்தினாள். தலைமை ஆய்வாளரின் முகம் நீலமும் சிவப்புமாக மாறியது. கம்பியைப் பிடித்துத் தொங்கினார். உதவி டாக்டர் பட்டையை நிறுத்தினாள். நின்ற பத்தாவது நொடி சதை தன் இடத்துக்குப் போய் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டது.

உதவி டாக்டர் திரையில் பார்த்ததைப் பார்த்தபடியே வாய்விட்டுச் சொன்னாள்; மிஷின் அச்சடித்துத் துப்பியது. "நின்ற நிலையில் கோளாறு இல்லை. ஓட்டத்தின் உச்சத்தில் மேலண்ணத்தின் மென்சதை இடம் பெயர்ந்து மூச்சுவழியை மூடுகிறது. பந்தயம் உடனே நிறுத்தப்பட வேண்டும். மூன்று மாத ஓய்வு, அதன்பின் சிகிச்சை." அதற்கு மேலே, பதிவு எண்ணை வைத்து, மிஷின் தானாகவே அடித்துக்கொண்டது: பெண் குதிரை, வயது ஐந்து, நெற்றியில் வெள்ளைப் பொட்டு.

ஆணையர் படித்துப் பார்க்கவில்லை. திறந்து வைத்த மிஷினின் முதல் அறிக்கை என்று அதில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்துக்கொண்டு, தலைமை ஆய்வாளரின் முதுகில் தட்டினார். "அசத்திட்டீங்க! சனிக்கிழமை வெளிநாட்டு விருந்தாளிங்க இருபது பேரக் கூட்டிட்டு வர்றேன். நீங்களே ஓடிக் காட்டணும். இன்னும் வேகமா. குதிரையெல்லாம் வேண்டாம், அசிங்கம் பண்ணுது."

வெள்ளிக்கிழமை காலையில் லாயக்காரர் அந்த அறிக்கைக்கு முத்திரை வாங்கப் போனபோது, தலைமை ஆய்வாளர் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் நீலம் இன்னும் உதட்டில் இருந்தது.

"அத இப்படிக் குடுய்யா. அது என் தொண்டை. என் பேருக்கு மாத்து, எழுத்தரே. ஓட்டம் உடனே நிறுத்தணும்னு இருக்குல்ல? அத ஆணையர் கிட்டக் காட்டணும்."

லாயக்காரர் காகிதத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அதற்குள் இருந்தது அவருடைய மகளின் கழுத்து. பிடுங்கினால் ஓடிவிடுவது என்றுகூட நினைத்தார்.

"மாத்த முடியாதுங்க" என்றார் எழுத்தர். "ஆணையர் கையெழுத்துப் போட்டத ஆணையர்தான் மாத்தணும். மிஷினோட முதல் அறிக்கையே தப்புன்னு எழுதி அனுப்பணும். அனுப்பட்டுங்களா?"

தலைமை ஆய்வாளர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அனுப்ப வேண்டாம் என்றார். லாயக்காரருக்கு மூச்சு வந்தது.

"அப்ப எனக்குப் புதுசா ஒண்ணு எடுங்க. இதோ, பட்டையில ஏறுறேன்."

"ஓட்டத்தில் எடுக்கும் பரிசோதனை செல்லாதுன்னு நீங்கதான் ஐயா எழுதி வச்சிருக்கீங்க" என்றாள் உதவி டாக்டர் மிகுந்த மரியாதையோடு. "நேத்து எடுத்தது ஆணையர் முன்னிலையில, அதனால செல்லும். இப்ப வேணும்னா விதிப்படி கட்டத்துல நில்லுங்க."

வேறு வழியில்லை. வாரியத்தின் தலைமை ஆய்வாளர் மஞ்சள் கட்டத்துக்குள் போய் நின்றார். இரண்டு கால்தான் இருந்தது. மீதி இரண்டு மூலைக்கு என்ன செய்வது என்று எழுத்தர் தயங்கியபோது, அவரே பரிதாபமாகக் குனிந்து இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். கால் நடுங்கியது. பழக்கதோஷத்தில் லாயக்காரர் பக்கத்தில் போய் அவருடைய தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"அசையாதீங்க ஐயா. இப்ப முடிஞ்சிடும்."

குழாய் போனது. திரையில் தொண்டை அமைதியாகத் திறந்து மூடியது. எழுத்தர் யாரும் சொல்லாமலே எழுதினார். முப்பது வருஷமாக எழுதிய கை. "நின்ற நிலையில் கோளாறு ஏதும் இல்லை. ஓடலாம்."

தலைமை ஆய்வாளர் நாலு காலில் நின்றபடியே கத்தினார். "நிக்க வச்சுப் பாத்தா எப்படிய்யா தெரியும்? ஓடும்போதுதான்யா அடைக்குது!"

லாயக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, பணிவாக, ஆறடி தள்ளி நின்று சொன்னார்.

"அதைத்தாங்க நான் திங்கக்கிழமையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்."

தலைமை ஆய்வாளர் அவரை முதல்தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எழுந்து கையிலிருந்த தூசியைத் தட்டினார். முத்திரையை எடுத்து மகராசியின் அறிக்கையில் அவரே குத்தினார். பிறகு ஸ்பேனர் ஒன்று கேட்டு வாங்கி, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, நாலு போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஓடுகிற குதிரையின் தலையில் கட்டி ட்ராக்கிலேயே காட்டலாம் என்று ஆணையருக்குப் போன் போட்டார். போனுக்குள்ளிருந்து ஆணையர் சிரிப்பது வெளியே வரைக்கும் கேட்டது. குதிரையெல்லாம் வேண்டாம் என்றுதானே சொன்னேன் என்றாராம். விதி பதினொன்று போனது மட்டும் மிச்சம். உதவி டாக்டர் கழற்றிய கருவியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். ஓய்வு முடிந்ததும் மகராசிக்கு முதல் ஓட்டத்தில் அவளே கட்டப்போவதாகச் சொன்னாள்.

சனிக்கிழமை மதியம் பதிமூன்று குதிரைகள் ஓடின. வளைவில் கும்பலாக இடித்துக்கொண்டு திரும்பியபோது, வேலியோரம் பக்கத்தில் நின்ற மகளின் கையை லாயக்காரர் தன்னையறியாமல் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் பந்தயத்தின்போது அவர் கம்பியைத் தவிர வேறு எதையும் பிடித்ததில்லை.

"என்னப்பா, நான் இங்கதானே இருக்கேன்" என்றாள் மகள்.

"தெரியும் கண்ணு. சும்மா பிடிச்சேன்."

வாரியத்தின் ஜன்னல் பக்கமிருந்து காற்றில் ஒரு சத்தம் மிதந்து வந்தது. கொர்ர்ர். தொடர்ந்து இருபது பேர் கைதட்டும் ஓசை. மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

இருவரும் லாயத்துக்குத் திரும்பி வந்தபோது மகராசி புல்லைக் கடித்தபடி அரைக்கண் மூடி நின்றுகொண்டிருந்தாள். மூச்சு சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. லாயக்காரர் அவளுடைய மூக்கின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நின்ற நிலையில் கோளாறு ஏதும் இல்லை. இன்னும் மூன்று மாதம் அவள் நிற்கலாம்.